சிரிப்பொலியின் அரசியல்: தொலைக்காட்சியும் தன்பாலீர்ப்பாளர் விம்பமும் பற்றிய மூன்று நூல்கள்

என்னிடம் சாதாரண தரம் வரை தமிழ் படித்த ஒருவர் இப்போது இங்கிலாந்தில் கலாநிதிப் பட்ட ஆய்வில் ஈடுபட்டுள்ளார். சென்ற நோன்புப் பெருநாளுக்குப் பின் ஒருநாள் அவரது தாயார் வழியில் என்னைக் கண்டு, "சேர், என்னத்தப் படிக்காய் எண்டு கேட்டா மீடியா எண்டு மட்டுந்தான் மகன் சொல்றான். உங்களுக்காச்சும் தெரியுமா?" எனக் கேட்டார். "டீவி நாடகங்கள ஆராய்ச்சி செய்றார் ராத்தா" என்றேன். நான் சொன்னது பொய்யல்ல, ஆனால் பாதிதான். பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடர்களில் தன்பாலீர்ப்புக் கொண்ட முஸ்லிம் பாத்திரங்கள் எவ்வாறு படைக்கப்பட்டுள்ளன என்பதுதான் மீதிப் பாதி. மகன் மறைத்ததை நானும் சேர்ந்து மறைத்துவிட்டு வீடு வந்தேன்.

தனது ஆய்வின் ஓர் இயலையும், அதற்கு அடித்தளமாக அமைந்த மூன்று ஆங்கில நூல்களையும் அவர் எனக்கு அனுப்பியிருந்தார். லெரி குரோஸ் 2001இல் வெளியிட்ட 'அப் ஃப்ரம் இன்விசிபிலிட்டி', ரொன் பெக்கரின் 'கே டீவி அன்ட் ஸ்ட்ரெயிட் அமெரிக்கா' (2006), அல்பிரட் மார்டினின் 'த ஜெனரிக் குளோசட்' (2021) ஆகியனவே அவை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தவணை விடுமுறை முழுவதும் வாசித்தேன். இம்மூன்று நூல்களையும், அவை உருவாக்கியுள்ள ஆய்வுத் துறையையும் பற்றிய எனது மதிப்பீடே இக்கட்டுரை.

இது நமது சஞ்சிகைக்குரிய விடயமா என்று வாசகர்களில் சிலர் கேட்பர். மார்க்கத் தீர்ப்புச் சொல்வது எனது துறையன்று, அதற்குரியவர்கள் இருக்கிறார்கள். இந்நூல்கள் பேசுவதும் அதையன்று. கெமராவும் எழுதுகோலும் தம் கையில் இல்லாத ஒரு கூட்டத்தாரை, அவற்றைக் கையில் வைத்திருப்போர் எப்படிக் காட்டுகின்றனர் என்பதே அவற்றின் கேள்வி. இக்கேள்வி நமக்குப் புதியதல்ல. எட்வேர்ட் ஸயீதின் 'கவரிங் இஸ்லாம்' 1981இல் வெளிவந்தது. ஜெக் ஷாஹீன் 'த டீவி அரப்' என்ற நூலை 1984இல் எழுதினார். பின்னர் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஹொலிவூட் படங்களை ஆராய்ந்து 'ரீல் பேட் அரப்ஸ்' நூலை 2001இல் தந்தார். இவற்றையெல்லாம் நமது மேடைகளில் கைதட்டி வரவேற்றோம். அதே முறையியலைக் கொண்டு வேறொரு சாரார் தமது விம்பத்தை ஆராயும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். சங்க இலக்கியப் பரத்தையர் பற்றிக் கட்டுரை எழுதிய எந்தப் பேராசிரியரையும் எவரும் சந்தேகித்ததில்லை. இந்தத் துறையில் ஆய்வு செய்பவரை மட்டும் முதலில் அவரது வாழ்க்கையைக் கொண்டு அளக்கிறார்கள்.

தமிழாசிரியன் என்ற வகையில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல முடியவில்லை. நமது பத்திரிகைகள் இன்றும் கையாள்வது 'ஓரினச்சேர்க்கையாளர்' என்ற சொல்லையே. அது மனிதரைச் செயலொன்றாகச் சுருக்கிவிடுகிறது. 'தன்பாலீர்ப்பு' என்பது மனநாட்டத்தைச் சுட்டுகிறது. நாட்டம் வேறு, செயல் வேறு என்று நம்மிடையே வாதிடுவோர்கூட அந்த வேறுபாட்டைத் தாங்கும் சொல்லைத் தேடவில்லை என்பது விந்தையே. 'குவியர்' என்பது ஆங்கிலத்தில் வசைச்சொல்லாக இருந்து, வசைபாடப்பட்டவர்களாலேயே கைப்பற்றப்பட்ட சொல். அதனை அப்படியே விடுகிறேன். நமது பாடசாலை முற்றங்களில் வழங்கும் வசைச்சொற்களை எவரும் இன்னும் அவ்வாறு கைப்பற்றவில்லை.

முதல் நூலின் ஆசிரியரான குரோஸ், தொலைக்காட்சியையும் வன்முறையையும் நீண்டகாலம் ஆராய்ந்த ஜோர்ஜ் கேர்ப்னரின் சகபாடி. இருவரும் 1976இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் 'குறியீட்டு அழிப்பு' என்ற கருத்தாக்கத்தை முன்வைத்தனர். கதை உலகில் ஒரு கூட்டத்தார் இடம்பெறாமையே அவர்களது சமூக இருப்பை மறுப்பதாகும் என்பது அதன் சாரம். இந்நூலில் அக்கருத்தைத் தன்பாலீர்ப்பாளர்களுக்குப் பிரயோகிக்கிறார். இத்துறையில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்படுவது 1967இல் சீபீஎஸ் ஒளிபரப்பிய 'த ஹோமோசெக்ஷுவல்ஸ்' என்ற விவரணம். மைக் வொலஸ் தொகுத்து வழங்கினார். அதில் பேட்டியளித்த ஒருவரின் முகம் தெரியாதவாறு அவருக்கு முன்னால் ஒரு பூச்சாடிச் செடி நிறுத்தப்பட்டிருந்தது. அவர் இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. ஆனால் இலைகளுக்குப் பின்னால்தான் இருக்கலாம். முழு வரலாற்றுக்கும் அந்த ஒரு சட்டகமே போதுமானது.

அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளின் பின்னரும் நிலைமை பெரிதும் மாறவில்லை. 1989இல் ஏபீசீ ஒளிபரப்பிய 'தேர்ட்டிசம்திங்' தொடரின் ஓர் அத்தியாயத்தில் இரு ஆண்கள் கட்டிலில் அமர்ந்து கதைத்துக்கொண்டிருப்பதாக ஒரு காட்சி. ஒருவரையொருவர் தொடவும் இல்லை. விளம்பரதாரர்கள் விலகிக்கொண்டதில் பத்து இலட்சம் டொலருக்கு மேல் இழப்பு ஏற்பட்டது. எட்டாண்டுகள் கழித்து, 1997 ஏப்ரல் 30ஆந் திகதி 'எலன்' தொடரின் நாயகி தன்னைப் பற்றிய உண்மையை வெளிப்படுத்தும் அத்தியாயத்தை ஏறக்குறைய நான்கு கோடியே இருபது இலட்சம் பேர் பார்த்தனர். அலபாமா மாநிலத்தின் பேர்மிங்ஹாம் நகரிலிருந்த ஏபீசீயின் உள்ளூர் நிலையம் அதனை ஒளிபரப்ப மறுத்தது. அந்நகரத்தார் பொது மண்டபமொன்றில் கூடிப் பார்த்தார்கள். மறு ஆண்டே தொடர் நிறுத்தப்பட்டது.

குரோஸின் பலம் அவரது பரந்த பார்வை. செய்தி, சினிமா, பகல்நேரத் தொடர், எயிட்ஸ் காலத்து ஊடக மௌனம் என யாவற்றையும் தொட்டுச் செல்கிறார். சிறுபான்மைப் பாத்திரம் திரைக்கு வரும்போது அது ஒரு 'பிரச்சினை'யாகவே வருகிறது, அப்பிரச்சினைக்குப் பெரும்பான்மையினர் எவ்வாறு முகங்கொடுக்கிறார்கள் என்பதே கதையாகிறது என்ற அவரது அவதானம் நமக்கு நன்கு விளங்கும். பலவீனம் என்னவெனில், எல்லாவற்றையும் தொடுவதால் எந்த ஒரு பிரதியுடனும் அவர் நின்று உரையாடுவதில்லை.

பெக்கர் இதற்கு நேர்மாறானவர். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், தொண்ணூறுகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார்: அந்தப் பத்தாண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தன்பாலீர்ப்புப் பாத்திரங்கள் ஏன் திடீரெனப் பெருகின? சமூகம் முன்னேறிவிட்டது என்ற வழமையான விடையை அவர் ஏற்கவில்லை. கேபிள் அலைவரிசைகள் பார்வையாளரைப் பங்குபோட்டுக்கொண்ட பின், பழைய பெரும் நிறுவனங்கள் எல்லோரையும் கவர முனைவதைக் கைவிட்டு, கையில் காசுள்ள, நகர்சார்ந்த, தாராள மனப்பான்மையுடைய இளம் தொழில்சார் வர்க்கத்தினரைத் துரத்தின. தமது நவீனத்தன்மையைத் தாமே மெச்சிக்கொள்ள அந்த வர்க்கத்துக்கு ஒரு கண்ணாடி தேவைப்பட்டது. தன்பாலீர்ப்புப் பாத்திரம் அக்கண்ணாடியாயிற்று. அதேவேளை, தமது இடம் அசைவதாக உணர்ந்த பெரும்பான்மையினரின் பதற்றத்தையும் அக்காலத் தொடர்களில் அவர் இனங்காண்கிறார். 1993இல் 'சைன்ஃபெல்ட்' தொடரில் இரு நண்பர்கள் தவறாக இனங்காணப்பட்டுப் படும் பாடு அவ்வகைக்கு நல்ல உதாரணம்.

சந்தையைக் கொண்டு கலையை விளக்கும் இந்த முறை, கைலாசபதியை வாசித்து வளர்ந்த எமது தலைமுறைக்குப் பழக்கமானது. அதனால் இந்நூலுடன் எனக்கு உடனே நெருக்கம் ஏற்பட்டது. ஆனால் அதே முறையின் பழைய குறைபாடும் இங்கு உண்டு. விளம்பரக் கணக்கை வைத்து ஒரு பாத்திரம் ஏன் திரைக்கு வந்தது என்று சொல்லலாம். வந்த பிறகு எங்கோ ஒரு சிற்றூரில் தனியே அமர்ந்து அதனைப் பார்த்தவருக்கு என்ன நடந்தது என்று அந்தக் கணக்குச் சொல்லாது.

மூன்றாவது நூலே என்னை அதிகம் தொந்தரவு செய்தது. டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து கலாநிதியான அல்பிரட் மார்டின், கறுப்பினக் குடும்பங்களைப் பற்றிய நகைச்சுவைத் தொடர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார். 1996இல் தொடங்கிய 'மொயீஷா' அவற்றுள் ஒன்று. இத்தொடர்களுக்கு ஒரு வாய்பாடு உண்டென்று அவர் நிறுவுகிறார். முதலில் பாத்திரம் ஒன்றின் மீது சந்தேகம் எழும். பின்னர் உண்மை கண்டறியப்படும், அல்லது அப்பாத்திரமே அதனைச் சொல்லும். அதன்பின் அது கதையிலிருந்து அகற்றப்படும். அடுத்த வாரம் அப்படி ஒருவர் இருந்த சுவடே இராது. தண்டனையில்லை, கொலையில்லை, வசையுமில்லை. வேலை முடிந்தது, போகலாம்.

இந்நூலின் மிகச் சிறந்த பகுதி, பின்னணியில் ஒலிக்கும் சிரிப்பைப் பற்றியது. நகைச்சுவைத் தொடர்களில் நாம் கேட்கும் சிரிப்பொலி நமக்கு வழிகாட்டுகிறது. எங்கே சிரிக்கவேண்டும் என்று மட்டுமல்ல, யாரோடு சேர்ந்து யாரைப் பார்த்துச் சிரிக்கவேண்டும் என்றும் சொல்கிறது. வசனம் பாத்திரத்தை மதிப்பதாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் அப்பாத்திரத்தின் நடையிலோ கையசைவிலோ சிரிப்பு வெடிக்கும். வசனம் கொடுத்ததைச் சிரிப்பு பறித்துக்கொள்ளும். மார்டின் பிரதியோடு நிற்கவில்லை. எழுத்தாளர்களைச் சந்தித்து, எழுதும் அறையில் இம்முடிவுகள் எவ்வாறு எடுக்கப்பட்டன என்று கேட்கிறார். பின்னர் கறுப்பினத் தன்பாலீர்ப்பு ஆண்களிடம் போய், தங்களைக் குறித்த சிரிப்பைக் கேட்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கிறார். உற்பத்தி, பிரதி, நுகர்வு மூன்றையும் ஒரே நூலில் இத்தனை கச்சிதமாக இணைத்த ஆய்வை நான் வேறு கண்டதில்லை. நான் வாசித்தவை குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த இயலை வாசித்த அன்றிரவு எனக்குச் சரியாக உறக்கமில்லை. ஆசிரிய கலாசாலையிலிருந்து வெளியேறி முதல் நியமனம் பெற்ற பாடசாலையில், எட்டாந் தரத்தில் மென்மையான குரலுடைய மாணவர் ஒருவர் இருந்தார். தமிழ்த்தின நாடகங்களில் பெண் வேடம் எப்போதும் அவருக்கே. நான்தான் கொடுத்தேன். நன்றாக நடித்தார் என்பது உண்மை. ஆனால் அவர் மேடையேறி வாய் திறக்குமுன்பே மண்டபம் சிரிக்கும் என்பதும், அந்தச் சிரிப்பில் நாடகம் 'எடுபடும்' என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. வகுப்பில் அவர் வாசிக்க எழும்பும்போதும் அதே சிரிப்பு. நான் ஒருநாளும் அதை நிறுத்தவில்லை. சில நாட்களில் சேர்ந்து சிரித்துமிருக்கிறேன். சாதாரண தரத்துக்கு முன்பே அவர் பாடசாலைக்கு வராமல் நின்றுவிட்டார். வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு இழுத்ததோடு சரி. மார்டின் சொல்லும் மூன்றாம் கட்டம் அதுதான் என்பது இத்தனை வருடங்களின் பின், அமெரிக்கத் தொடர் ஒன்றைப் பற்றி வாசிக்கும்போதுதான் உறைத்தது. அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு உரிமையில்லை.

இனி, மாணவரின் இயலுக்கு வருகிறேன். பிரித்தானியாவில் 1988 முதல் இருபத்தெட்டாம் பிரிவு என்ற சட்ட ஏற்பாடு, தன்பாலீர்ப்பை 'ஊக்குவிப்பதை' உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தடைசெய்தது. ஸ்கொட்லாந்தில் 2000இலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003இலும் அது நீக்கப்பட்டது. சனல் 4 இல் 2004இல் தொடங்கிய 'ஷேம்லெஸ்' தொடரில் முஸ்லிம் கடைக்காரரான காஷ் வருகிறார். மனைவி பிள்ளைகள் இருக்க, கடையில் வேலைசெய்யும் பையனுடன் மறைவான உறவு. 2009இல் பீபீசீயின் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரில் மஸூத் குடும்பத்தின் மூத்த மகன் ஸைத், கிறிஸ்டியன் என்பவரைக் காதலிக்கிறார். ஆயினும் 2010 புத்தாண்டு தினத்தில் ஆமிரா என்ற பெண்ணை மணமுடிக்கிறார். தாய் ஸைனப் உண்மையை முன்கூட்டியே அறிந்தும் திருமணத்தை நடத்திவைக்கிறாள்.

மாணவரின் வாதம் இது: இத்தொடர்களில் முஸ்லிம் குடும்பமும் மார்க்கமும் ஒரு பூட்டிய அறையாகவும், வெள்ளைக்காரக் காதலன் அதன் சாவியாகவும் காட்டப்படுகின்றனர். ஜஸ்பீர் புவார் 2007இல் எழுதிய நூலை அவர் துணைக்கு அழைக்கிறார். தன்பாலீர்ப்பாளரை ஏற்றுக்கொண்ட நவீன தேசம் எனத் தன்னைக் காட்டிக்கொண்டு, அதனையே முஸ்லிம்களைப் பின்தங்கியோராக முத்திரை குத்தும் அளவுகோலாக மேற்குலகு பயன்படுத்துகிறது என்பது புவாரின் விமர்சனம். இவலின் அல்சுல்தானி 2012இல் எழுதிய நூலும் இங்கு பொருந்துகிறது. செப்டெம்பர் 11க்குப் பிந்திய அமெரிக்கத் தொடர்களில் ஒரு பயங்கரவாதி வந்தால், ஈடுசெய்ய ஒரு 'நல்ல முஸ்லிமும்' வருவார் என்றும், சிக்கலாகத் தோன்றும் அந்தச் சமப்படுத்தல் உண்மையில் எளிமைப்படுத்தலே என்றும் அவர் காட்டுகிறார்.

மாணவரின் வாதத்துடன் பெரிதும் உடன்படுகிறேன். ஒரு முஸ்லிம் வாசகனாக அந்த உடன்பாடு எனக்குச் சுகமாகவும் இருக்கிறது. அங்கேதான் எனக்கு ஐயம். மேற்கின் பார்வையைக் குறைகூறி முடித்ததும் இயலும் முடிந்துவிடுகிறது. ஸைத் என்ற மகனின் தனிமைக்கு அதில் மூன்று பக்கங்கள்கூட இல்லை. பீபீசீ அந்தக் குடும்பத்தை ஒருபக்கமாகக் காட்டியது என்பது உண்மையானால், மறுபக்கம் என்ன என்பதையும் ஆய்வாளர் சொல்லவேண்டும். ஸைனப் ஏன் வாய்திறவாதிருந்தாள்? அது வெறும் வார்ப்புருவா, அல்லது அப்படியான தாய்மாரை நாம் அறிவோமா? நம்மைப் பிழையாகக் காட்டினார்கள் என்ற வாதம், நமக்குள் நடப்பதைப் பேசாதிருப்பதற்கு ஒரு சாட்டாகிவிடக் கூடாது. இதனை அவருக்குக் கடிதமாகவே எழுதினேன்.

இத்துறையைப் பொதுவாக நோக்குமிடத்து இரண்டு குறைகள் கண்ணில் படுகின்றன. முதலாவது, எண்ணிக்கை மோகம். கிளாட் என்ற அமைப்பு வருடந்தோறும் தொலைக்காட்சிப் பாத்திரங்களைக் கணக்கெடுத்து அறிக்கை வெளியிடுகிறது. பயனுள்ள வேலைதான். ஆனால் எண்ணிக்கை கூடினால் நீதி கூடும் என்று கொள்ள முடியாது. 2002 மே மாதம் 'பஃபி' தொடரில் டாரா என்ற பெண் வேறொருவருக்கு வைத்த குறி தவறிய குண்டில் இறந்தாள். 2016 மார்ச் மாதம் 'த ஹன்ட்ரட்' தொடரில் லெக்ஸா, தன் காதலியுடன் சேர்ந்த சற்று நேரத்திலேயே, அதேபோல் குறி தவறிய குண்டுக்கு இரையானாள். பதினான்கு ஆண்டுகள், அதே குண்டு. விட்டோ ருஸ்ஸோ 1981இல் எழுதிய சினிமா பற்றிய நூலின் இறுதியில், தன்பாலீர்ப்புப் பாத்திரங்கள் எவ்வாறெல்லாம் சாகடிக்கப்பட்டார்கள் என்று ஒரு பட்டியலே இட்டிருந்தார். கணக்கெடுப்பு என்றால் அதுதான் கணக்கெடுப்பு.

இரண்டாவது, ஆய்வாளர்கள் தாம் விரும்பிப் பார்த்தவற்றையே ஆராய்கிறார்கள். 'பஃபி' தொடருக்கென்றே 2001 முதல் தனியான ஆய்விதழ் ஒன்று உண்டு. சாதாரண குடும்பங்கள் சாப்பிட்டபடி பார்த்துச் சிரித்த தொடர்களை எழுத மார்டின் போன்ற சிலரே முன்வருகிறார்கள். ஆவணங்களின் நிலையும் இதற்கொரு காரணம். ஆரம்பகாலத் தொலைக்காட்சி பெருமளவு பதிவின்றியோ அழிக்கப்பட்டோ போய்விட்டது. 1959இல் கிரனடா நிறுவனம் ஒளிபரப்பிய 'சவுத்' என்ற நாடகம் பிரித்தானியத் திரைப்பட நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலிருந்து 2013இல் மீண்டும் கவனத்துக்கு வந்தபோது, 'முதலாவது' பற்றி அதுவரை எழுதப்பட்டவற்றைத் திருத்தவேண்டி வந்தது. இப்போது இணையவழி நிறுவனங்கள் தமது தொடர்களைத் தாமே நீக்கிவிடுகின்றன. ஆய்வேடு முடியுமுன் ஆய்வுப்பொருள் மறைந்துபோகலாம் என்று மாணவர் கவலைப்படுகிறார்.

விம்பம் மனதை மாற்றுமா என்ற கேள்விக்கு இம்மூன்று நூல்களும் நேரடியாகப் பதிலளிக்கவில்லை. எட்வேர்ட் ஷியாபாவும் சகாக்களும் 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள், திரைப் பாத்திரத்துடன் பழகுவதும் ஒருவகையில் மனிதரோடு பழகுவதைப் போன்று முன்தீர்ப்பைக் குறைக்கக்கூடும் என்றன. 2012இல் அன்றைய துணை ஜனாதிபதி ஜோ பைடன், அமெரிக்க மக்களைப் பண்படுத்தியதில் 'வில் அன்ட் கிரேஸ்' தொடருக்குப் பெரும் பங்குண்டு என்றார். அரசியல்வாதியின் கூற்றை ஆய்வு முடிவாகக் கொள்ள நான் தயாரில்லை. ஆயினும் ஒரு நூலின் முப்பது பக்கங்கள் ஒரு கிராமத்து வாத்தியாரை இருபது வருடங்களுக்கு முந்திய ஒரு வகுப்பறைக்குத் திருப்பி அனுப்பியிருக்கின்றன.

எனது கடிதத்துக்கு மாணவர் பதில் எழுதியுள்ளார். ஸைனப் பற்றிய பகுதியை மீண்டும் எழுதப்போகிறாராம்; அதற்கு ஆறு மாதமாவது பிடிக்கும் என்கிறார். இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்ப அவரது சம்மதத்தைக் கேட்டிருந்தேன். தாராளமாகப் போடுங்கள் சேர், ஊரின் பெயரை மட்டும் தவிர்த்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்.